சமுதாயக் கல்லூரியில் தொடங்கிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறுவது: கலிபோர்னியாவில் வாழும் ஒரு தந்தையின் கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். ஃப்ரீமாண்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகனுக்கு, அவன் விரும்பிய கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களில், நம்மவர்கள் யூசி என்று சொல்லும் வளாகங்களில், இடம் கிடைக்கவில்லை. வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று இடம் தந்திருக்கிறது. விடுதிச் செலவையும் சேர்த்தால் ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல் ஆகும். கணினி அறிவியலா, பொருளாதாரமா என்று அவனுக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. குடும்பம் கிரீன் கார்டு வரிசையில் காத்திருப்பதால் அவன் எச்-4 தகுதியில், அதாவது எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்தினருக்குத் தரப்படும் விசாத் தகுதியில், இருக்கிறான். இந்த நிலையில் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில், அதாவது கம்யூனிட்டி காலேஜில், இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது அறிவுடைமையா, அது அவன் எதிர்காலத்தைக் குறுக்கிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மகனின் நிலையில் அது நல்ல வழி என்பதே என் பதில். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எந்த வளாகத்தில் எந்தத் துறையில் மூன்றாம் ஆண்டு சேரப்போகிறோம் என்பதை முதல் பருவத்திலேயே குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கே இந்த வழியின் பயன்கள் முழுமையாகக் கிடைக்கின்றன. ‘முதலில் சேர்வோம், பிறகு பார்ப்போம்’ என்று நுழைபவர்களில் பலர் வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் நாடு தழுவிய தரவுகளைக் கொண்டு காட்டுவது இது: சமுதாயக் கல்லூரியில் சேர்பவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இளநிலைப் பட்டம் பெறும் எண்ணத்தோடு வருகிறார்கள், மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார்கள், ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறுபவர்கள் 16 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறார்கள். பயன்களை விளக்குவதற்கு முன் இந்த எண்களைச் சொல்லிவிடுவதே நேர்மை என்று கருதுகிறேன். இவர்களில் வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்கள், குழந்தைகளை வளர்ப்பவர்கள், பல ஆண்டு இடைவெளிக்குப் பின் படிக்க வந்தவர்கள் ஆகியோர் ஏராளம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முழுநேரமாக, திட்டத்தோடு படிக்கும் பதினெட்டு வயது மாணவரின் வாய்ப்பு இதைவிடப் பெரியது. ஆயினும் திட்டமில்லாதவரை இந்த அமைப்பு தானாகக் கரையேற்றிவிடாது.

இந்த வழியைப் பலர் புறக்கடை வாசல் என்று நினைக்கிறார்கள். கலிபோர்னியாவில் அது தொடக்கம் முதலே திட்டமிட்டு அமைக்கப்பட்ட வாசல். அமெரிக்காவின் முதல் பொது இரண்டாண்டுக் கல்லூரி 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியெட் நகரில் தொடங்கியது. கலிபோர்னியா 1907இல் உயர்நிலைப் பள்ளிகள் கல்லூரிப் பாடங்களை நடத்த அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. 1910இல் ஃப்ரெஸ்னோவில் முதல் கல்லூரி எழுந்தது. 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம்தான் இன்றைய அமைப்பின் அடித்தளம். அப்போது யூசியின் தலைவராக இருந்த கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய அந்தத் திட்டம், பள்ளி இறுதித் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூசியையும், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தையும், அதாவது கால் ஸ்டேட்டையும் ஒதுக்கியது. சமுதாயக் கல்லூரிகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அத்தோடு, பல்கலைக்கழகங்களில் முதலிரண்டு ஆண்டு மாணவர்களைவிடக் கடைசி இரண்டு ஆண்டு மாணவர்கள் அதிகமாக இருக்க வேண்டும் என்றும், அந்தக் கூடுதல் இடங்கள் சமுதாயக் கல்லூரிகளிலிருந்து வருபவர்களுக்கு உரியவை என்றும் வகுத்தது. யூசி இன்றும் முதலாண்டில் சேரும் இருவருக்கு மூன்றாம் ஆண்டில் ஒருவர் என்ற விகிதத்தை இலக்காகக் கொண்டிருக்கிறது. இப்படி மாறி வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கலிபோர்னியாவின் 116 சமுதாயக் கல்லூரிகளிலிருந்தே வருகிறார்கள். உங்கள் மகன் யாருடைய இடத்தையும் கெஞ்சிப் பெறப் போவதில்லை. அவனைப் போன்றவர்களுக்கென்றே வைக்கப்பட்டிருக்கும் இடத்துக்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறான்.

எனவே செலவுக் குறைவை நான் இந்த வழியின் முதற்பயனாகக் கருதுவதில்லை. இரண்டாம் முறை மதிப்பிடப்படும் வாய்ப்பே முதற்பயன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை எப்படிப் படித்தது, பதினாறு வயதில் எந்த மன்றத்துக்குத் தலைவராக இருந்தது என்பவற்றை வைத்துத்தான் முதலாண்டுச் சேர்க்கை முடிவாகிறது. மூன்றாம் ஆண்டுச் சேர்க்கையில் யூசி பள்ளி மதிப்பெண்களைப் பார்ப்பதில்லை; எஸ்ஏடி தேர்வும் கிடையாது. கல்லூரியில் எடுத்த பாடங்கள், அவற்றில் பெற்ற தரங்கள், எழுதித் தரும் சிறு கட்டுரைகள் ஆகியவற்றையே பார்க்கிறது. பள்ளியில் கவனம் சிதறியவர், உடல்நலம் குன்றியவர், இந்தியாவிலிருந்து பத்தாம் வகுப்பில் வந்து சேர்ந்து ஈடுகொடுக்கத் திணறியவர் என எவருக்கும் அந்தப் பழைய கணக்கு இங்கே முடிக்கப்பட்டுவிடுகிறது. சேர்க்கை விகிதத்திலும் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் அண்மை ஆண்டுகளில் முதலாண்டுக்கு விண்ணப்பித்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இடம் கிடைத்திருக்கிறது. மாற்றுச் சேர்க்கைக்கு, அதாவது வேறு கல்லூரியிலிருந்து மூன்றாம் ஆண்டுக்கு மாறி வர, விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் இது எல்லாப் பாடங்களையும் சேர்த்த சராசரி. கணினி அறிவியலுக்கும் செவிலியர் படிப்புக்கும் மாற்றுச் சேர்க்கையிலும் போட்டி மிகக் கடுமையானது. பொருளாதாரம், வரலாறு, உயிரியலின் பல பிரிவுகள் ஆகியவற்றில் வாய்ப்பு அகலமானது. பெர்க்கிலியில் கணினி அறிவியல் கிடைத்தே தீர வேண்டும் என்ற ஒற்றை நோக்கத்தோடு இந்த வழியில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினி அறிவியலை நல்ல இடமொன்றில் படிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு இறங்குவதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

செலவுக்கு வருவோம். கலிபோர்னியா மாநிலவாசிகளுக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் ஓர் அலகுக்கு, 46 டாலர். 2012 முதல் இது உயரவில்லை. மாற்றுச் சேர்க்கைக்கு 60 செமஸ்டர் யூனிட் தேவை. ஆக இரண்டு ஆண்டுக்குமான கட்டணம் 2,760 டாலர். செமஸ்டரைவிடக் குறுகிய, ஏறத்தாழப் பத்து வாரப் பருவங்களைக் கொண்ட குவார்ட்டர் முறையில் இயங்கும் டி ஆன்சா போன்ற கல்லூரிகளில் ஒரு யூனிட்டுக்கு 31 டாலர். 90 யூனிட்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ அதே தொகை. புத்தகங்கள், சுகாதாரக் கட்டணம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் தனி. யூசியில் மாநிலவாசிகளுக்கான கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 15,000 டாலரை ஒட்டியிருக்கிறது. வளாகத்தில் தங்கி உண்பதற்கு அதைவிட அதிகமாகவே ஆகும். நீங்கள் குறிப்பிட்ட வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால், முதல் இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கையில் நிற்கும். எச்-4 தகுதியில் உள்ளவர்களுக்குக் கூட்டரசின் கல்வி உதவித்தொகையோ கல்விக்கடனோ கிடைக்காது என்பதால், அந்தத் தொகை முழுவதும் உங்கள் சேமிப்பிலிருந்துதான் போக வேண்டும். இந்த வேறுபாட்டை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னாளில் முதுநிலைப் படிப்புக்கு அது அப்படியே உதவும்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ உடைய குடும்பங்களுக்குக் கணக்கு வேறு மாதிரி அமையலாம் என்பதையும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டும். வருமானம் குறைந்த கலிபோர்னியாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு யூசியில் கட்டணம் முழுவதையும் உதவித்தொகையால் ஈடுகட்டும் திட்டம் இருக்கிறது. அத்தகைய குடும்பத்துப் பிள்ளைக்கு யூசியில் முதலாண்டிலேயே இடம் கிடைத்திருந்தால், செலவைக் காரணம் காட்டிச் சமுதாயக் கல்லூரிக்கு அனுப்புவது பெரும்பாலும் தவறான முடிவாகிவிடும். உதவித்தொகைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தங்குமிடம் உட்பட மொத்தச் செலவை ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். தேவை முழுவதையும் தானே ஈடுகட்டும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தும்.

கற்பித்தலின் தரம் பற்றி உங்களுக்கு ஐயம் இருப்பது இயல்பு. யூசி போன்ற ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்களின் பதவி உயர்வு பெரிதும் ஆய்வைச் சார்ந்தது. முதலாண்டு வகுப்புகள் பல நூறு பேர் அமரும் அரங்குகளில் நடக்கின்றன. பெர்க்கிலியின் முதல் கணினி நிரலாக்கப் பாடத்தில் ஒரே பருவத்தில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்வது வழக்கம். மாணவர் தம் ஐயங்களைக் கேட்பது பெரும்பாலும் மூத்த மாணவர்களிடம்தான். சமுதாயக் கல்லூரியில் அதே அடிப்படைக் கால்குலசை முப்பது, நாற்பது பேர் கொண்ட வகுப்பில், கற்பிப்பதையே முழுப்பணியாகக் கொண்ட ஆசிரியர் நடத்துகிறார். வீட்டுப்பாடத்தைத் திருத்துபவரும் பெரும்பாலும் அவரே. தொகையீட்டில் தடுமாறும் பிள்ளை அவருடைய அலுவல் நேரத்தில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுத் தெளிய முடியும். எல்லா ஆசிரியர்களும் சிறந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். பகுதிநேர ஆசிரியர்கள் பலர் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஓடுகிறார்கள். அவர்களைப் பாடவேளைக்கு வெளியே பார்ப்பது அரிது. ஆகவே எந்தப் பாடத்தை எடுப்பது என்பதைப் போலவே, யாரிடம் எடுப்பது என்பதையும் மூத்த மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம்.

இனி, இந்த வழியில் எல்லாவற்றையும்விட அதிக கவனம் தேவைப்படும் இடத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடானது என்பதை அசிஸ்ட் என்ற அரசு இணையதளம் காட்டுகிறது. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். உங்கள் மகன் இன்று மாலையே அதைத் திறந்து, ஃப்ரீமாண்டிலுள்ள சமுதாயக் கல்லூரியான ஓலோனியிலிருந்து யூசியின் டேவிஸ், சாண்டா பார்பரா, சான் டியேகோ வளாகங்களின் பொருளாதாரத்துக்கும் கணினி அறிவியலுக்கும் என்னென்ன பாடங்கள் கேட்கப்படுகின்றன என்று தனித்தனியே எடுத்துப் பார்க்கட்டும். பொருளாதாரத்துக்குப் பெரும்பாலும் கால்குலஸ், நுண்பொருளியல், பேரியல் பொருளியல், புள்ளியியல் ஆகியவை போதும். கணினி அறிவியலுக்கு நிரலாக்கத்தில் இரண்டு மூன்று பாடங்கள், தரவுக் கட்டமைப்பு, தனிநிலைக் கணிதம், நேரியல் இயற்கணிதம், சில வளாகங்களில் கால்குலஸ் வழி நடத்தப்படும் இயற்பியல் என்று பட்டியல் நீள்கிறது. வளாகத்துக்கு வளாகம் அது மாறவும் செய்கிறது. இவற்றில் பல ஒன்றன்பின் ஒன்றாகவே எடுக்க வேண்டியவை. முதல் கால்குலஸ் முடியாமல் இயற்பியல் தொடங்காது. இயற்பியல் வரிசையின் ஒரு பாடம் வசந்தப் பருவத்தில் மட்டும் நடத்தப்படுகிறது என்றால், அதைத் தவறவிட்ட மாணவர் அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு மூன்றாக நீள்வது பெரும்பாலும் இங்கேதான்.

உங்கள் மகனைப் போல இரண்டு துறைகளுக்கிடையே நிற்பவர்களுக்கு இதனால் ஒரு நன்மையும் ஒரு கெடுபிடியும் உண்டு. முதல் பருவத்தில் கால்குலஸ், நிரலாக்க அறிமுகம், நுண்பொருளியல், ஆங்கிலக் கட்டுரை ஆகிய நான்கையும் எடுத்தால் இரண்டு வாசல்களும் திறந்தே இருக்கும். தன் ஈடுபாடு எதில் என்பதை அவன் சில நூறு டாலர் செலவிலேயே அறிந்துகொள்வான். ஆனால் முதலாண்டின் இறுதிக்குள் அவன் முடிவெடுத்தாக வேண்டும். மூன்றாம் ஆண்டில் சேர்பவரைப் பல்கலைக்கழகம் குறிப்பிட்ட துறைக்கென்றே சேர்க்கிறது. சேர்ந்த பிறகு, அதிலும் கணினி அறிவியலுக்கு, மாறுவது மிகக் கடினம். நான்கு ஆண்டும் பல்கலைக்கழகத்தில் படிப்பவருக்கு உள்ள தயங்கிப் பார்க்கும் சலுகை இங்கே ஓராண்டு மட்டுமே.

கால அட்டவணையைப் பார்த்தால் இந்த அவசரம் இன்னும் தெளிவாகும். மூன்றாம் ஆண்டில் சேருவதற்கான யூசி விண்ணப்பம் இரண்டாம் ஆண்டின் அக்டோபர், நவம்பர் மாதங்களில் போகிறது. விண்ணப்பத்தை அனுப்பும் நாளில் கையில் இருப்பவை முதலாண்டின் தரங்களும், கோடையில் ஏதேனும் படித்திருந்தால் அவையும் மட்டுமே. இலையுதிர் பருவத்தின் தரங்களை ஜனவரியில் தனிப் படிவம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தை மறந்து வாய்ப்பைக் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு. கல்லூரி வாழ்க்கைக்குப் பழகிக்கொள்ள ஓராண்டு எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே பெருங்கேடு. மாநிலவாசிகளுக்கு யூசி கேட்கும் குறைந்தபட்ச ஜிபிஏ, அதாவது தரங்களின் சராசரிப் புள்ளி, 2.4தான் என்றாலும், போட்டியுள்ள பாடங்களில் சேர்பவர்கள் அதற்கு வெகுவாக மேலே இருக்கிறார்கள். சி தரம் பெற்ற பாடத்தை மீண்டும் எடுத்து உயர்த்திக்கொள்ளவும் யூசி ஏற்பதில்லை. முதல் பருவத்தில் ஐந்து கடினமான பாடங்களை எடுத்துத் தடுமாறுவதைவிட, நான்கை எடுத்து நன்றாகச் செய்துவிட்டு, எஞ்சியதைக் கோடையில் முடிப்பது பாதுகாப்பானது.

ஆறு யூசி வளாகங்கள், அதாவது டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ், சேர்க்கைக்கு முன்கூட்டியே உத்தரவாதம் தரும் டேக் என்ற ஒப்பந்தத்தை வழங்குகின்றன. பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ ஆகியவற்றில் அது இல்லை. செப்டம்பர் மாதம் முழுவதும் அதற்கான விண்ணப்பக் காலம். ஒரே ஒரு வளாகத்துக்கு மட்டுமே கேட்கலாம். அதற்குள் 30 செமஸ்டர் யூனிட்டுகளை முடித்திருக்க வேண்டும். கேட்கும் ஜிபிஏ வளாகத்துக்கும் பாடத்துக்கும் ஏற்ப மாறும்; கணினி அறிவியல் போன்ற நெரிசல் மிகுந்த பாடங்களைச் சில வளாகங்கள் ஒப்பந்தத்திலிருந்தே விலக்கி வைத்திருக்கின்றன. இது கிடைத்த பிறகும் மற்ற வளாகங்களுக்கு வழக்கம்போல விண்ணப்பிக்கலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. பள்ளி இறுதியாண்டில் நம் வீடுகளில் நிலவும் அந்தப் பதற்றம், பன்னிரண்டு இடத்துக்கு விண்ணப்பித்து எங்கும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சம், இந்த மாணவர்களுக்கு வெகுவாகக் குறைகிறது. உங்கள் மகன் பொருளாதாரத்தைத் தேர்ந்தெடுத்தால், இதையே அவன் திட்டத்தின் அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்.

கால் ஸ்டேட் பக்கமும் ஒரு பாதை இருக்கிறது. 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மாற்றுச் சேர்க்கைக்கென்றே வடிவமைக்கப்பட்ட இணைநிலைப் பட்டத்தை, அதாவது சமுதாயக் கல்லூரி தரும் இரண்டாண்டுப் பட்டத்தை, முடிப்பவருக்குக் கால் ஸ்டேட் வளாகங்களில் ஏதேனும் ஒன்றில் இடம் உறுதி. மேலும் 60 யூனிட்டில் அவர் இளநிலைப் பட்டத்தை முடித்துவிடலாம். குறிப்பாக சான் ஹோசே ஸ்டேட்தான் வேண்டும் என்றால் அந்த உறுதி செல்லாது. அங்கே போட்டி தனி. பொதுப்பாடங்களைப் பொறுத்தவரை, 2025 இலையுதிர் காலம் முதல் சேர்பவர்களுக்கு யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் பொதுவான ஒரே தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. கால்-ஜெட்சி என்று பெயர். பழைய ஐஜெட்சி தொகுப்பை வைத்து உறவினர் பிள்ளைகள் சொல்லும் அறிவுரையை அப்படியே பின்பற்ற வேண்டாம். பொறியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் போகிறவர்கள் இந்தத் தொகுப்பை முழுவதும் முடிப்பதைவிட, துறைக்குரிய முன்தேவைப் பாடங்களை முதலில் முடிப்பதே முக்கியம்.

நடைமுறையில் முதல் இடர்ப்பாடு பாடங்களில் இடம் பிடிப்பது. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடப்பதிவு நாள் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதற்குள் நல்ல நேரத்தில் நடக்கும் கால்குலஸ் வகுப்புகள் நிரம்பியிருக்கும். அறிமுக அமர்வை முடித்து, கல்லூரியின் கல்வி ஆலோசகரான கவுன்சிலருடன் அமர்ந்து கல்வித் திட்டத்தை எழுதிப் பதிவு செய்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆகவே அதை மே, ஜூன் மாதங்களிலேயே செய்துவிட வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் இருந்தாலும் முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் உட்கார்ந்து, ஆசிரியரிடம் பணிவாகச் சேர்க்கைக் குறியீட்டைக் கேட்டால் பல நேரங்களில் கிடைத்துவிடும். பாடங்களைக் கூடுதல் ஆழத்தோடு நடத்தும் ஆனர்ஸ் திட்டம் இருக்கும் கல்லூரிகளில் அதில் சேர்வது நல்லது. லாஸ் ஏஞ்சலிஸ் வளாகம் சில கல்லூரிகளின் ஆனர்ஸ் மாணவர்களுக்குத் தன் கலை, அறிவியல் பாடங்களின் சேர்க்கையில் முன்னுரிமை தருகிறது. கவுன்சிலர்கள் நல்லவர்கள், ஆனால் ஒருவருக்கு மாணவர்கள் மிக அதிகம். அவர்கள் சொல்வதை அசிஸ்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பொறுப்பு மாணவருடையது.

இழப்புகளும் உண்டு, அவற்றை மறைப்பதில் பயனில்லை. பதினெட்டு வயதில் விடுதியில் உருவாகும் நட்புகள், நள்ளிரவு வரை நீளும் பேச்சுகள், முதலாண்டிலேயே ஆய்வகத்தில் பேராசிரியருக்கு உதவியாகச் சேரும் வாய்ப்பு ஆகியவை இவனுக்குத் தள்ளிப்போகும். சமுதாயக் கல்லூரியில் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தோழமையைத் தேடிப் போய்த்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகம் போன முதல் பருவத்தில் தரங்கள் சற்றுச் சரிவதும் பலருக்கு நேர்கிறது. குவார்ட்டர் முறையின் பத்து வார வேகம், செமஸ்டர் முறையில் படித்தவர்களை அதிரவைக்கும். மூன்றாம் ஆண்டில் நுழைந்த சில வாரங்களிலேயே அடுத்த கோடைக்கான பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், தன் விவரக் குறிப்பையும் செய்து காட்டிய சில வேலைகளையும் சமுதாயக் கல்லூரியிலேயே தயாரித்து வைத்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தும், யூசிக்கு மாறி வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, மாறிய நான்கு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றுவிடுகிறார்கள். வாசலைக் கடந்தவர்கள் உள்ளே நன்றாகவே நிலைத்து நிற்கிறார்கள்.

வீட்டில் இருந்தபடி படிக்கும் பிள்ளையைப் பெற்றோர் எப்படி நடத்துகிறோம் என்பதும் முடிவைப் பாதிக்கிறது. மருத்துவரிடம் பாட்டியை அழைத்துப் போவது, தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, விருந்தினர் வந்தால் உடன் இருப்பது என்று, வீட்டில்தானே இருக்கிறான் என்ற எண்ணத்தில் நாம் சேர்க்கும் சிறு பொறுப்புகள் ஒன்றுகூடி வாரத்தில் பத்து மணி நேரத்தை விழுங்கிவிடும். வெளியூர் விடுதியில் இருக்கும் மாணவனிடம் கேட்காத எதையும் தேர்வு வாரத்தில் இவனிடமும் கேட்காதீர்கள். அத்தோடு, நண்பர் வீட்டு நிகழ்ச்சிகளில் யார் எங்கே சேர்ந்தார்கள் என்ற பேச்சு எழும்போது நீங்கள் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னால், அதை அவன் கவனிப்பான். ‘ஓலோனியில் படிக்கிறான், டேவிஸுக்கு மாறத் திட்டமிட்டிருக்கிறான்’ என்று நேராகச் சொல்லுங்கள். அவன் பெறும் பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமே இருக்கும். மனித மரபணுத் தொகுதியை வாசித்த விஞ்ஞானிகளில் முன்னணியில் நின்ற கிரெய்க் வென்டர் சான் மாட்டேயோ சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு யூசி சான் டியேகோவுக்குப் போனவர். விண்வெளி ஓடத்தை 1999இல் தலைமை தாங்கிச் செலுத்திய முதல் பெண்ணான ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் சமுதாயக் கல்லூரியிலிருந்து சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர்.

மருத்துவப் படிப்பை நாடும் பிள்ளைகள் மட்டும் சற்றுக் கூடுதலாக யோசிக்க வேண்டும். சில மருத்துவக் கல்லூரிகள் அறிவியல் முன்தேவைப் பாடங்களில் ஒரு பகுதியேனும் நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கப்பட்டிருப்பதை விரும்புகின்றன; மேல்நிலை உயிரியல் பாடங்களை மாறிய பிறகு எடுத்து நன்றாகச் செய்தால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். வேறு மாநிலங்களில் இருப்பவர்கள் தங்கள் மாநில விதிகளைத் தனியே பார்க்க வேண்டும். ஃப்ளோரிடாவில் இரண்டாண்டுப் பட்டத்துக்கு மாநிலம் தழுவிய உறுதி இருக்கிறது. வர்ஜீனியாவில் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே சேர்க்கை ஒப்பந்தங்கள் வைத்திருக்கின்றன. இவை போன்ற ஏற்பாடு வலுவாக இல்லாத மாநிலங்களில் படித்த யூனிட்டுகள் ஏற்கப்படாமல் வீணாவது உண்மையான ஆபத்து.

கடைசியாக எச்-4 பற்றி. கலிபோர்னியாவில் எச்-4 தகுதியில் உள்ளவர், குடியிருப்புக் கால விதிகளை நிறைவு செய்தால், மாநிலவாசியாக வகைப்படுத்தப்படலாம். மேலே சொன்ன 46 டாலர் கணக்கு உங்கள் மகனுக்குப் பொருந்துவது அதனால்தான். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பொதுவாக அந்த வகைப்பாடு கிடைப்பதில்லை. சமுதாயக் கல்லூரியிலேயே பல மடங்கு கட்டணம், யூசியில் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதல் கட்டணம் என்று ஆகிவிடும். உங்கள் மகனுக்கு 21 வயது நிறைவது, இந்த வழியில் போனால், அவன் யூசியில் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ இருக்கும்போது வரும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் அவன் வேறு தகுதிக்கு மாற வேண்டியிருக்கும்; அப்போது கட்டண வகைப்பாடும் மாறக்கூடும். மறுபுறம், எச்-4 தகுதியில் இருக்கும் பிள்ளை ஊதியத்துக்கு வேலை செய்ய முடியாது. கோடைக் காலப் பயிற்சிப் பணிகளுக்கு எஃப்-1 தகுதியே வழிவிடும், அதுவும் பொதுவாக முழுநேரமாக ஓராண்டு படித்த பிறகுதான். ஆகவே எப்போது மாறுவது என்பதை அவன் பிறந்த தேதியையும் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைத் தீர்மானிக்கும் முன்னுரிமைத் தேதியையும் வைத்து, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவருடன் இந்தக் கோடையிலேயே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நாடும் யூசி வளாகங்களில் குடியிருப்பு வகைப்பாட்டைத் தீர்மானிக்கும் அலுவலருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, இடையில் விசா மாறினால் கட்டணம் எப்படி அமையும் என்று எழுத்தில் பதில் பெறுங்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் மே 1க்குள் முன்பணம் கேட்கும். அந்தத் தேதிக்கு முன் வழக்கறிஞரின் கணக்கு மட்டுமாவது உங்கள் கையில் இருந்தால், இரண்டு வழிகளின் நான்காண்டு மொத்தச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மகனையும் உடன் அமர்த்திக்கொண்டு முடிவெடுக்கலாம்.